நடுவாசலில் வண்டி மாறவும்

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். அட, சண்டை போட எதிரில் ஓர் ஆள் வேண்டாமா? அவன் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் உலைக்காரன். மாலை ஆறுக்கு உலைக்கு முன்னால் நின்றால் காலை ஆறுக்குத்தான் நகர்வான். அவள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு மெழுகில் பல் செதுக்குவாள். காலை ஏழுக்கு அவள் படியிறங்குவாள், ஏழரைக்கு அவன் படியேறுவான். மாலை ஐந்துக்கு அவன் கிளம்புவான், ஐந்தரைக்கு அவள் வருவாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை, புதன் அவனுக்கு; ஆனால் அந்தப் புதனையும் ஓவர்டைம் விழுங்கிவிடும். ஞாயிறு மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பது என்னவோ உண்மை. ஆனால் அவன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, தட்டைப் பார்த்துத் தலையாட்டி, மறுபடி தூங்கப் போய்விடுவான்.

போனில் பேசலாமே என்பீர்கள். பேசிப் பார்த்தார்கள். "ம்." "சாப்பிட்டியா?" "ஆச்சு." "வெச்சிடவா?" இதற்கு மேல் போகவில்லை. அவனுக்கு வாய்ப்பேச்சு வராது. அவளுக்கோ, எதிராளி பேசாவிட்டால் பேச்சு ஓடாது.

ஆனால் அவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வீட்டின் உள்ளறையில், துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு ரயில் ஆட்டம். பாதை போட்டு, நிலையம் கட்டி, வண்டி வாங்கி, ஊரையும் சுரங்கத்தையும் இணைக்க வேண்டும். கல்யாணமான மறு வருஷம் அவன் வாங்கி வந்தது. அவன் பகலில் தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் ஆடுவான். அவள் மாலையில் வந்து ஆடுவாள். இருவருக்கும் ஒரே உலகம், ஆட்டத்தைச் சேமிக்க ஒரே கோப்பு. பழைய கோப்பு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, நடந்தது நடந்ததுதான் என்பது அவன் போட்ட சட்டம். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

அந்த ஆட்டத்தில் அவளுக்கு ஒரே ஒரு குறை. தண்டவாளம் என்றால் அதில் ஒரே வகைத் தண்டவாளம்தான். எந்த வண்டியும் எங்கேயும் ஓடும். அரை மில்லிமீட்டர் பிசகினால் பல் கடிபடாது என்று நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பவளுக்கு இது பொறுக்குமா? "அகலமே இல்லாம என்னங்க தண்டவாளம்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். அவன் அரைத்தூக்கத்தில், "நீயே போட்டுக்கோயேன்" என்றான்.

போட்டாள். ஆட்டத்துக்கு விதி எழுதக் கற்றுக்கொள்ள அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. எழுதும்போதுதான் ஒன்று புரிந்தது: அகலம் என்றால் என்னவென்று ஆட்டத்துக்குப் புரியவைக்கவே முடியாது. 'இது ஒரு வகைப் பாதை, அது வேறு வகை; இதில் ஓடும் வண்டி அதில் ஓடாது' என்று சொல்லிவைக்கலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பாவனை. குறும்பாதைக்கென்று தண்டவாளப் படத்தைப் புள்ளி புள்ளியாகத் திருத்தி இரண்டு கம்பிகளையும் நெருக்கி வைத்தாள். அகலப்பாதை வேகமானது, ஆனால் வளைவு ஆகாது. குறும்பாதை மெதுவானது, ஆனால் மலையைச் சுற்றி எப்படி வேண்டுமானாலும் வளைந்து ஏறும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். ஆள் மாற ஒரு நாள், மரக்கட்டை மாற நான்கு நாள், நிலக்கரி மாற ஒன்பது நாள் என்று விதித்தாள். ஒரே பாதையில் மூன்றாவது கம்பி போட்டு இரண்டு வண்டியையும் ஓட்டலாமா என்றும் பார்த்தாள். ஆட்டம் அடம்பிடித்தது, விட்டுவிட்டாள்.

சமவெளி அவளுடையது, அகலப்பாதை. மலை அவனுடையது, குறும்பாதை. இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு நிலையம் கட்டி அவன் அதற்கு நடுவாசல் என்று பெயர் வைத்தான். கிழக்கே அவளுடைய நான்கு நடைமேடைகள், மேற்கே அவனுடைய மூன்று, நடுவில் கூரை போட்ட நீளமான கொட்டகை.

நிலையங்களில் தகவல் பலகை நடும் வசதி அந்த ஆட்டத்தில் உண்டு. ஒரு பலகையில் முப்பத்தொரு எழுத்துதான் கொள்ளும். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு, அநியாயம்! முதலில் அவன்தான் ஒன்று நட்டான்: 'உன் கரி இன்னும் வரல'. அவள் பக்கத்தில் ஒன்று நட்டாள்: 'ஒன்பது நாள் ஆகும் சாமி'. மறுநாள்: 'பால் தீந்துடுச்சு'. அதற்கடுத்த நாள்: 'குழாய் ஒழுகுது'. அப்படியே ஐந்து வருஷம். 'கோபமா இருக்கேன்.' 'எதுக்கு?' 'மறந்துட்டேன்.' ஒருமுறை உலையில் பாட்டில் வெடித்து அவன் கை வெந்துபோன அன்று, 'கையில சூடு. பயப்படாதே' என்று இடது கையால் தட்டி வைத்திருந்தான். அவள் மறுநாள் லேபுக்கு லீவு போட்டு அவன் எழும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். எழுந்தவன், "ம்" என்றான். பலகையில் ராஜாவாக இருந்தவன் நேரில் ஊமைச்சாமி.

மாலை நேரத்தில் அவளுக்கு நடுவாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகிக்கொண்டிருக்கும். திரையில் எள்ளளவு மனிதர்கள் அகலப்பாதை வண்டியிலிருந்து இறங்கி, கொட்டகைக்குள் நடந்து, குறும்பாதை வண்டிக்காகக் காத்து நிற்பார்கள். அவசரமே இல்லை. பலகைகள் கூரைக்கு மேல் மீன்குஞ்சுகள் மாதிரி கும்பலாக மிதக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தானும் அந்தக் கொட்டகையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். மலைக்காற்று கழுத்தில் படும். தூரத்தில் அவனுடைய சின்ன வண்டி வளைந்து வளைந்து இறங்குவது தெரியும்; வந்து சேரவே சேராது, ஆனால் வந்துகொண்டே இருக்கும். குக்கர் விசில் அடித்தால்தான் திடுக்கிட்டு எழுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பலகை புதிதாக நின்றது: 'திங்கள்ல இருந்து பகல் ஷிப்ட்'.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அறைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றி வந்தாள். 'நிஜமாவா!!' என்று நட்டாள். இனி மாலையில் அவன் வீட்டில் இருப்பான். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவான். வியாழக்கிழமை வரை இந்தச் சந்தோஷம் தாங்கியது. வியாழன் அன்று நாத்தனார் வந்தாள்.

நாத்தனார் அவனுக்கு ஒரே தங்கை. அண்ணனுக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்து இவளே வாங்கிக்கொண்டு பிறந்தவள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"அண்ணி, இனிமே சாயங்காலம் அண்ணன் வீட்டுல இருப்பாரே. என்ன பேசப் போறீங்க?"

"இதென்ன கேள்வி? புருஷன் பொண்டாட்டி பேசறதுக்கு லிஸ்ட்டா போட்டு வெப்பாங்க?"

"போட்டு வெச்சுக்கங்க, அதான் நல்லது. போன வருஷம் எங்க வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு மூணு மாசம் வீட்டுல கிடந்தாரே, மொத வாரம் ஒரே சிரிப்பு. ரெண்டாவது வாரம் பேச ஒண்ணும் கிடைக்கல, ஆளுக்கொரு பக்கமா ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். மூணாவது வாரம் அந்த மனுஷன் ஃபேன்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு."

"போங்க நீங்க!"

"சிரிக்காதீங்க. அவராவது வாயாடி. எங்க அண்ணன் கல்லுளிமங்கன். சின்ன வயசுல பல்லு வலின்னு சொல்லவே ரெண்டு நாள் ஆச்சு."

சிரித்து வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது. நாத்தனார் கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆனால் அதில் பொய் எங்கே இருக்கிறது? ஏழு வருஷத்தில் அவனோடு நேருக்கு நேர் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியதாக நினைவே இல்லை. திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேச ஒன்றும் இல்லையென்று தெரிந்துபோய்விட்டால்? அதற்கப்புறம் பலகையும் இருக்காது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு யாராவது பலகை நடுவார்களா? பகல் ஷிப்ட் வந்து அவனை மொத்தமாகவே கொண்டுபோய்விடுமோ என்று அவள் பயந்தாள்.

பயந்தவள் சும்மா இருந்திருக்கலாம். ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதுதான் வினை.

சனிக்கிழமை மாலை, அவன் கடைசி இரவு ஷிப்டுக்குப் போன பிறகு, அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வழக்கமாக முதலில் புதுப் பலகை இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். அன்று, வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்று தள்ளிவைத்தாள். வேலை இதுதான்: மலை, சமவெளி இரண்டையும் ஒரே அகலமாக மாற்றுவது. இனி சேர்ந்தே ஆடப்போகிறவர்களுக்கு எதற்கு இரண்டு பாதை? அவன் நாளைக் காலை வந்து பார்க்கும்போது அவனுடைய மலையுச்சியிலிருந்து அவளுடைய கடற்கரைவரை ஒரே வண்டி நிற்காமல் ஓட வேண்டும். அதைப் பற்றியே ஒரு வாரம் பேசலாமே!

மூன்று மணி நேரம் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். அகலப்பாதைக்கு வளைவு ஆகாது என்று விதி எழுதியவளே அவள்தான். அதனால் அவனுடைய வளைவுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, நிமிராத இடத்தில் மலையைக் குடைந்தாள். பதினான்கு சுரங்கங்கள். கடைசியில் நடுவாசல் மட்டும் மிச்சம். அங்கே கருவியை இழுத்ததும் ஒரு பெட்டி எழும்பியது: 'இந்த நிலையம் இடித்துக் கட்டப்படும். சரியா?'

அந்த எச்சரிக்கையை எழுதியவளும் அவளேதான். தான் எழுதியதைத் தானே யார் நின்று படிப்பார்கள்? 'சரி' என்று தட்டினாள். புது நிலையம் பளிச்சென்று எழுந்தது. ஒரு வண்டி மலையிலிருந்து இறங்கி, நடுவாசலில் நிற்காமல், சமவெளிக்குள் ஓடி மறைந்தது. கைதட்டாத குறை. கோப்பைச் சேமித்தாள். அப்புறம்தான், இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்று கூரைக்கு மேலே பார்த்தாள்.

ஒன்றும் இல்லை. வெறும் பச்சை நிலம்.

நிலையத்தை இடித்தால் அதன் பலகைகளும் போய்விட வேண்டும், அந்தரத்தில் தொங்கினால் அசிங்கம் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதியிருந்தாள். விதிக் கோப்பைத் திறந்து பார்த்தாள், வரி அப்படியே இருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். பழைய கோப்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் வேறு. பாலும் குழாயும் கோபமும் கைச்சூடும் அவன் இன்று எழுதிய எதுவோ ஒன்றும் ஒரே தட்டலில் போயின. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்படியே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் செருகியது. கொட்டகை இருந்த இடத்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள். தரையில் புல் ஈரமாக இருந்தது. அவளைச் சுற்றி எள்ளளவு மனிதர்கள் அவள் உயரத்துக்கு வளர்ந்து நின்றார்கள். எல்லோர் கையிலும் பெட்டி. "எங்கே மாறணும்?" என்று ஒருவர் கேட்டார். மாற வேண்டியதில்லை, நேராகப் போகும் என்று சொல்ல வாயெடுத்தாள், குரல் வரவில்லை. நீளமான வண்டி ஒன்று சத்தமே இல்லாமல் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதன் ஜன்னல் ஒன்றில் அவன் இருந்தான். அவளைப் பார்த்தான், கையசைத்தான், போய்விட்டான். அந்தப் பெட்டிக்காரர்கள் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல இளங்காற்று வீசியது.

விடிந்து, முகம் கழுவி, எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக ஒத்திகை பார்த்து, இரண்டு டம்ளர் டீயோடு அவள் காத்திருந்தாள். ஏழரைக்குச் சாவி திரும்பியது. அவன் ஒரு ஷூவைக் கழற்றியதுமே கேட்டான்.

"படிச்சியா?"

"எதை?"

"நேத்து எழுதினதை. எட்டு பலகை."

எட்டு! ஒரு நாளைக்கு இரண்டைத் தாண்டாதவன். ஒத்திகை பார்த்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"நடுவாசல் இல்லீங்க."

"இல்லன்னா?"

"இடிச்சிட்டேன். ஒரே பாதையா மாத்தலாம்னு... நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தேன். பலகையெல்லாம் அதோட போயிடுச்சு."

அவன் ஒற்றை ஷூவோடு உள்ளறைக்குப் போனான். திரை முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"என் மலையில ஓட்டை போட்டிருக்கியே."

"பதினாலு."

"எல்லா பலகையுமா போச்சு? கை சுட்டப்போ எழுதினது?"

"அதுவும்தான்." அவள் அழுதுவிட்டாள். "நேத்து எழுதினதை நான் படிக்கவே இல்ல. என்ன எழுதியிருந்தீங்க?"

"அப்புறம் சொல்றேன்."

"இப்பச் சொல்லுங்க."

அவன் பிடரியைச் சொறிந்தான். மேசையைப் பார்த்தான். "எழுதித் தரட்டுமா?"

"வேணாம்," என்றாள். "வாயால சொல்லுங்க."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். உலைக்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்றபோதுகூட அவனுக்கு இப்படி வியர்த்திருக்காது. அவள் கதவில் சாய்ந்து நின்றாள், உதவிக்குப் போகவில்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடியே பகல் ஷிப்ட் தரேன்னாங்க," என்றான். "நான்தான் வேணாம்னுட்டேன்."

"என்னது?"

"உன்கிட்ட சொல்லல."

"மூணு வருஷமா?" அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் இந்த வீட்டுல சாயங்காலம் சாயங்காலம் தனியா உக்காந்திருந்தேனே, அந்த மூணு வருஷமா? காய்ச்சல்ல விழுந்து நானே எழுந்து நானே கஞ்சி வெச்சுக் குடிச்சேனே, அப்பவா?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"பலகையில நான் நல்லாப் பேசுவேன்," என்றான் அவன். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "ஒரு வரி யோசிக்க எனக்கு ராத்திரி முழுக்க நேரம் கிடைக்கும். நேர்ல உக்காந்தா என்ன வரும்? 'ம்', 'சரி', அவ்வளவுதான். ரெண்டே நாள்ல உனக்குச் சலிச்சிடும். இவன்தானா அவன்னு ஆயிடும். அதுக்கு இப்படியே இருந்துடலாம்னு நினைச்சேன்."

தான் நான்கு நாளாகப் பட்ட பயத்தை அவன் மூன்று வருஷமாகத் தனியே சுமந்திருக்கிறான். பாவம் என்று நினைக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் கோபம்தான் முதலில் வந்தது.

"அப்ப இந்தத் தடவை மட்டும் ஏன் சரின்னீங்க?"

அவன் குனிந்து மிச்சமிருந்த ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இன்னும் இறுகியது.

"போன மாசம் ஒரு நாள் உலை பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். நீ எழுதினது ஒண்ணு ஞாபகம் வந்து சிரிச்சேன். சரி, இதை அவ வாயால சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன்." நிறுத்தினான். "உன் குரல் எனக்கு ஞாபகம் வரல. எவ்வளவோ பாத்தேன். எழுத்துதான் வருது, குரல் வரல. அப்படியே போய் மேஸ்திரிகிட்ட பகல் ஷிப்ட் கேட்டுட்டேன்."

கீழே தெருவில் யாரோ ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"பேசு," என்றான். "திட்டணும்னா திட்டு. ஆனா பேசு."

அவள் அருகே வந்து தரையில் உட்கார்ந்து அவனுடைய ஷூ முடிச்சைப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள். காய்ச்சலில் தொடங்கினாள். கஞ்சி, மூடாமல் போன ஜன்னல், அவனுக்காக எடுத்துவைத்துக் கெட்டுப்போன சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், அவன் தங்கை, தங்கை வீட்டு ஃபேன் என்று ஒன்று விடாமல் எடுத்தாள். நடுவில் அவன், "அது அப்படி இல்லம்மா" என்றான். "குறுக்கே பேசாதீங்க" என்றாள். அவன் பேசினான். அவள் அதற்கும் சேர்த்துத் திட்டினாள். டீ ஆறி ஏடு கட்டியது. ஜன்னல் வெயில் கட்டில்வரை வந்தது. அவன் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டான்.

அவள் நிறுத்தினாள். "தூங்குறீங்களா?"

"இல்ல," என்றான் கண்ணைத் திறக்காமல். "கேட்டுக்கிட்டிருக்கேன். நீ சொல்லு."